பதினேழு சாக்கு மூட்டைகள் பற்றிக் கல்லூரி ஆட்சிமன்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிமன்றக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கல்லூரியின் நிலவியல் துறையில் 1984 முதல் 2018 வரை ஆய்வக உதவியாளனாக வேலை பார்த்தவன் நான். பேராசிரியர் இல்லை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளப் பட்டமும் இல்லை. கல் அறுப்பது, தேய்ப்பது, ஸ்லைடு போடுவது, பீரோக்களைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது, இவைதான் என் வேலை. கல்லூரியின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. யாரிடம் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கும் தெரிய வேண்டுமா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது.

முப்பத்து நாலு வருஷம் கல்லைத் தேய்த்ததில் என் விரல்களில் ரேகை போய்விட்டது. பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்கப் போனால் மெஷின் என் கையை ஏற்காது. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் வந்து சான்றொப்பம் வாங்கிப் போவேன். போன மாதம் அப்படி வந்தபோதுதான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை முடிகிற இடத்தில், பதினேழு சிமெண்டுச் சாக்குகள் கிடந்ததைப் பார்த்தேன்.

கட்டட வேலைக்கு இறக்கிய ஜல்லி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சாக்கு கிழிந்து உள்ளே வெள்ளையாக ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தேன். கறுப்புக் கல்லில் ஒரு குழி, குழிக்குள் ஊசி ஊசியாக ஜியோலைட் என்னும் கனிமப் படிகம். 1991 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் அம்பேனளி மலைப்பாதையில் எடுத்த கல் அது. ஊசி உடையாமல் உள்ளே இருந்த மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இப்போது ஊசிகளில் பாதி நொறுங்கிச் சாக்கின் அடியில் மாவாகக் கிடக்கிறது. மேலே யாரோ டீ குடித்துவிட்டுப் போட்ட பேப்பர் கப்.

வாட்ச்மேனைக் கேட்டேன். “மியூசியம் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கண்ணே. கம்ப்யூட்டர் லேப் வருது. கல்லை என்ன பண்றதுன்னு இன்னும் சொல்லல” என்றார். பதிவேடுகள் எங்கே என்றேன். “பழைய பேப்பரோட போயிருக்கும்ணே.”

அறிவிப்புப் பலகையில் உங்கள் சுற்றறிக்கையும் இருந்தது. நிலவியல் துறையில் இனி மாணவர் சேர்க்கை இல்லை. ‘பயன்பாட்டில் இல்லாத பொருட்கள்’ அப்புறப்படுத்தப்படும். அலுவலகத்தில் இருந்த பொறுப்பாளர் ஒருவர், “எல்லாம் நெட்டிலேயே கிடைக்குதே பெரியவரே, கல்லை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதனால் அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

மூன்றாவது பீரோவின் நடுத்தட்டில் இரண்டு கறுப்புக் கற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உறுப்பினர்களில் சிலர் இங்கேயே படித்தவர்கள், பார்த்திருப்பீர்கள். ஒன்று மகாராஷ்டிரத்தில் போலாட்பூர் அடிவாரத்தில் எடுத்தது. வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. மற்றது இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவிலுள்ள பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலையிலிருந்து வந்தது. காரைக்காலில் இருந்து வந்து படித்த ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். அவனுடைய பெரியப்பா வழி உறவு அந்தத் தீவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தீமிதிக்கிறார்கள். அந்த எரிமலையும் சும்மா இருப்பதில்லை, அடிக்கடி கக்கிக்கொண்டே இருக்கிறது. அவன் கொடுத்த கல் அவனைவிட வயதில் சிறியதாகக்கூட இருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். ஆனாலும் இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று எங்கள் பேராசிரியர் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்வார். பையன்கள் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நானும் முதல் வருஷம் நம்பவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே, இரும்புக் கருவை எட்டுகிற 2900 கி.மீ. ஆழம் வரை இருப்பதைப் பள்ளிப் புத்தகம் கவசம் என்கிறது. நாங்கள் மேன்டில் என்றே சொல்வோம். அது குழம்பாக உருகிக் கிடக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கிடையாது, திடப் பாறைதான். ஆனால் சித்திரை வெயிலில் பஸ் வந்து நிற்கிற இடத்தில் தார் ரோடு அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கிறதே, அப்படி, கல்லாக இருந்துகொண்டே நகரும். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். கருவை ஒட்டிய அடிப்பகுதியில் சூடேறிய பாறை, சுற்றியிருப்பதைவிட 200, 300 டிகிரி கூடுதல் வெப்பத்தில், லேசாகி மேலே கிளம்பும். கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது அடியிலிருந்து ஒரு மொத்தை எழும்பி வந்து ‘பொளக்’ என்று வெடிக்கும். அதைக் கோடிக்கணக்கான ஆண்டுக்கு நீட்டிப் பாருங்கள். இதற்குத்தான் மேன்டில் பிளூம் என்று பெயர். தலை ஆயிரம் கி.மீ. அகலம்கூட இருக்கும். பின்னால் வரும் வால் ஒல்லி. மேலே வர வர அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால், அதே சூட்டிலேயே பாறை உருக ஆரம்பிக்கும்.

தலை வந்து முட்டிய இடம் நம் தக்காணம். இன்றைக்கு மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. எரிமலைப் பாறை. மேற்கு மலைத்தொடரில் ஒன்றரை கி.மீ.க்கும் மேல் அடுக்கடுக்காக நிற்கிறது. அதில் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுக்குள்ளேயே கொட்டி முடிந்துவிட்டது. அப்போது இந்தியா வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 15 செ.மீ., அதற்கு மேலும் சொல்வார்கள். உங்கள் நகம் வளர்வதைப்போல நாலு மடங்கு. அடியில் வால் நின்ற இடத்திலேயே நிற்க, மேலே நிலம் நகர நகர, பொத்தல் பொத்தலாகக் கோடு விழுந்தது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ், கடைசியில் ரீயூனியன். லட்சத்தீவில் மேலே தெரிவது பவளம்தான், ஆனால் அது உட்கார்ந்திருப்பது அந்த எரிமலை முதுகில். 1987இல் ஆய்வுக் கப்பலிலிருந்து அந்தக் கடலடியைத் துளைத்துப் பாறை எடுத்துப் பார்த்தார்கள். வடக்கிலிருந்து தெற்கே வரவர வயது குறைந்துகொண்டே வந்தது.

எல்லா நிலவியலாளரும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு ஆழத்திலிருந்து எதுவும் வரவில்லை, மேலோடு இழுபட்டுக் கிழிந்த இடத்தில் மேல்மட்டத்திலேயே உருகி வந்ததுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் துறையில் அதையும் நடத்துவார்கள். ஒரு முறை இரண்டு பையன்கள் இதற்காகக் கேன்டீனில் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. சண்டை தீர இருவரும் வந்து நின்ற இடம் மூன்றாவது பீரோ.

இப்போது சாக்குக்கு வருகிறேன். போலாட்பூரிலிருந்து மகாபலேஷ்வர் வரை ஏறும் அந்த அம்பேனளிப் பாதையில், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு எரிமலைக் குழம்பு அடுக்கிலும் ஒரு கல் வீதம் 62 கற்கள் எடுத்தோம். ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் எடுத்தது என்று குறித்தோம். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் சில இடங்களில் செங்கல் பொடி மாதிரி சிவப்பு மண் பட்டை இருக்கும். குழம்பு வருவது நின்று, வெயிலும் மழையும் பட்டு மண்ணான காலம் அது. அதையும் பொட்டலம் கட்டினோம். சென்ட்ரலில் வந்து இறங்கியபோது போர்ட்டர் ஒரு கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார், அம்மிக்கல்லா?” என்றார்.

அந்த 62 கல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கறுப்பு, கனம், அவ்வளவுதான். ஆனால் வேதியியலில் வேறு வேறு. மேலே வரும் வழியில் கண்டத்துப் பழம்பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த அடுக்குகள் உண்டு. அம்பேனளி அடுக்கில் அந்தக் கலப்பு மிகக் குறைவு, அதனால் ஆழத்திலிருந்து வந்தது எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமானால் அதைத்தான் கேட்க வேண்டும். போலாட்பூர் அடுக்கு அவ்வளவு சுத்தம் இல்லை. எது எந்த அடுக்கு என்பதைக் கண்ணால் பார்த்து நானும் சொல்ல முடியாது, எந்தப் பேராசிரியரும் சொல்ல முடியாது. எண்ணும் பதிவேடும் இருந்தால்தான் தெரியும். நீங்கள் செய்திருப்பது ஜாதகக் கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிரகங்களை மட்டும் மூட்டை கட்டி வைத்த கதை. ரீயூனியன் கல் எந்தச் சாக்கில் இருக்கிறதோ.

கிரகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கல்லூரி வாசலில் சந்திரயான்-3 இறங்கியபோது கட்டிய பேனர் வெளுத்துப்போய் இன்னும் தொங்குகிறது. பெருமைதான், எனக்கும் பெருமைதான். அந்த வண்டியைச் சோதிக்கத் தேவைப்பட்ட செயற்கை நிலா மண்ணுக்கு இஸ்ரோ எங்கே போயிற்று தெரியுமா? நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்கு. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெளிர் நிறப் பாறை நிலாவின் மேட்டு நிலப் பாறையோடு ஒத்துப்போவதால் அதை அரைத்துச் செய்தார்கள். அந்தப் பாறை நம் அறையிலும் இருந்தது. ஐந்தாவது பீரோ, மேல்தட்டு. இப்போது சாக்கில்.

செவ்வாயும் அப்படித்தான். 1971 நவம்பரில் மாரினர் 9 விண்கலம் அங்கே போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல், ஒன்றும் தெரியவில்லை. புழுதிக்கு மேலே நாலு கறுப்புப் புள்ளி மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால் நாலும் எரிமலை. அதில் பெரியது ஒலிம்பஸ் மான்ஸ், சுமார் 22 கி.மீ. உயரம், 600 கி.மீ. அகலம். அதே 1971இல்தான் ஜேசன் மார்கன் என்னும் புவி இயற்பியலாளர், ஹவாய்த் தீவுகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் ஆழத்திலிருந்து எழும் பிளூம்தான் என்று எழுதினார். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒலிம்பஸ் ஏன் அவ்வளவு பெரிது என்பது விளங்கும். ஹவாயில் பூமியின் மேலோட்டுத் தட்டு நகர்வதால் எரிமலைகள் வரிசையாகப் பிரிந்துவிட்டன. செவ்வாயில் தட்டுகள் நகர்வதில்லை. ஈர்ப்பும் குறைவு. ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டு கொட்டிக் கொட்டி மலையாயிற்று. நம் தக்காணம் நகராமல் அந்த வாலின் மேலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அந்த பீரோவைத் துடைக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

செவ்வாய் செத்த கிரகம் என்பதுகூட இப்போது உறுதியில்லை. இன்சைட் விண்கலம் 2018இல் எலிசியம் சமவெளியில் இறங்கி அங்கே நில அதிர்வுகளைப் பதிவு செய்தது. அந்தச் சமவெளிக்கு அடியில் சுமார் 4000 கி.மீ. அகலத்தில் ஒரு பிளூம் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளியில் வட்ட வட்டமாகத் தழும்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் பலவும் பிளூம் கீழிருந்து தள்ளியதால் வந்தவை என்கிறார்கள். வெள்ளியைச் சுற்றிவந்த மகெல்லன் விண்கலம் 1991இல் எடுத்த ரேடார் படங்களை 2023இல் மறுபடி பார்த்தபோது மாட் மான்ஸ் எரிமலையின் ஒரு வாய் சில மாதத்துக்குள் பெரிதாகி உருமாறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். முப்பது வருஷம் கழித்து! பழைய படங்களை யாராவது ‘பயன்பாட்டில் இல்லாத பொருட்கள்’ என்று தூக்கிப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது.

“நெட்டிலேயே கிடைக்குதே” என்றவருக்கு இன்னொன்று. 1865இல் பீகாரில் ஷெர்காட்டி என்னும் ஊரில் ஓர் எரிகல் விழுந்தது. செவ்வாயிலிருந்து வந்த எரிமலைப் பாறை அது என்று நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வகைக் கற்களுக்கே இன்றைக்கு உலகம் முழுவதும் அந்த ஊரின் பெயர்தான், ஷெர்காட்டைட். அதை எப்படிப் படிக்கிறார்கள்? நான் செய்த அதே வேலையால். கல்லை அறுத்து ஒரு சில்லு எடுப்போம். கண்ணாடித் தகட்டில் கார்போரண்டம் பவுடரும் தண்ணீரும் போட்டு ஒரு பக்கத்தை வழவழப்பாகத் தேய்ப்போம். கனடா பால்சத்தைச் சூடு காட்டி ஸ்லைடில் ஒட்டுவோம், குமிழி சிக்கினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு மறுபக்கம். 0.03 மில்லிமீட்டர் வரும்வரை தேய்க்க வேண்டும். அளக்கக் கருவி கிடையாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் பிளேஜியோகிளேஸ் என்னும் கனிமம் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிப்பு. சாம்பலும் வெள்ளையுமாக மாறும்போது நிறுத்த வேண்டும். இன்னும் நாலு சுற்றுத் தேய்த்தால் கல்லே இருக்காது. ஆலிவின் என்னும் கனிமம் இருந்தால் அந்த இடம் மட்டும் தேர் அலங்காரம் மாதிரி நீலமும் ரோஜாவுமாகப் பளபளக்கும். ஆலிவின் நிறைய இருந்தால், குழம்பு அதிகச் சூட்டில் வந்திருக்கலாம் என்று பேராசிரியர் சொல்வார். அதாவது ஆழத்துச் சூட்டை அளக்க நமக்குக் கிடைத்த தர்மாமீட்டர்.

அப்படி நான் செய்த ஸ்லைடுகள் 1,100 சொச்சம். தேக்குப் பெட்டிகளில் இருந்தன. போன மாதம் அவற்றில் இரண்டு பெட்டிகளை வேதியியல் ஸ்டோரில் சிங்குக்கு அடியில் பார்த்தேன். மற்றவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைசி வருஷங்களில் வகுப்பில் நாலு பேர், ஐந்து பேர்தான். கம்ப்யூட்டர் லேபுக்கு இடம் வேண்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். துறையை மூடக் கூடாது என்று நான் உங்களிடம் மல்லுக்கு நிற்கவில்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஏன் பேசவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. நான் கேட்பது கற்களைப் பற்றி மட்டும். இந்த ஊரில் பாறைக்கு மரியாதை புதிதில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியதே மதராஸ் இலக்கியக் கழகத்திடம் இருந்த நிலவியல் மாதிரிகளை வைத்துத்தான். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடக்கும் கல்லுக்கு 1893இல் சார்னோகைட் என்று பெயர் வைத்ததிலிருந்து உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் நம்மூர்க் கல்லோடுதான் ஒப்பிடுகிறார்கள். பரங்கிமலையில் அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். சைக்கிள் ஸ்டாண்டில் அதுவும் ஒரு சாக்கு இருக்கிறது, கையால் தடவிப் பார்த்தேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீள வாக்கில் கணக்கு எழுதும் நோட்டு. கல்லூரிப் பதிவேட்டில் ஏற்றுமுன் ஒவ்வொரு கல்லையும் அதில் எழுதிவிடுவேன்: எண், ஊர், உயரம், யார் எடுத்தது, எந்தத் தேதி. 1984இலிருந்து 2018 வரை விடாமல் இருக்கிறது. கற்களின் மேல் வெள்ளைப் பெயிண்டு அடித்து இந்தியன் இங்க்கில் எண் போட்டதும் நான்தான். அன்றைக்குச் சாக்கில் கைவிட்டு எடுத்துப் பார்த்த பதினொரு கல்லில் ஏழில் எண் படிக்க முடிந்தது. மூன்றில் பாதி தேய்ந்துவிட்டது. ஒன்றில் ஒன்றும் இல்லை. சாக்கில் ஒன்றோடொன்று உரசும் வரையிலும், மேலே மழை ஒழுகும் வரையிலும் இந்தக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே நான் கேட்பவை இவை. பதினேழு சாக்குகளையும் இந்த வாரமே கூரை உள்ள, பூட்டக்கூடிய ஓர் அறைக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மேலே தார்ப்பாய் போடுவது போதாது. ஸ்லைடுப் பெட்டிகளைத் தேடி எடுத்து, கிடைத்தவரை, அதே அறையில் வையுங்கள். சுற்றறிக்கையில் ‘பயன்பாட்டில் இல்லாத பொருட்கள்’ என்பதிலிருந்து நிலவியல் மாதிரிகளை நீக்கி ஒரு வரி சேருங்கள், நாளைக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகாமல் இருக்கட்டும். பழைய பேப்பர் எந்தக் கடைக்குப் போயிற்று என்று அலுவலகத்தை விசாரிக்கச் சொல்லுங்கள். பதிவேடு ஒருவேளை இன்னும் கிழிபடாமல் இருக்கலாம்.

பிறகு, அந்த அறையின் சாவியை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கொடுங்கள். என் நோட்டோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கல்லையும் பிரித்து எண் போட்டுத் தருகிறேன். பழைய மாணவர்கள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். ஒரு மேசை, ஒரு குழாய், நல்ல விளக்கு போதும். மூன்று மாதத்தில் முடித்துவிடுவோம்.

முடிந்ததும் கல்லூரியில் வைக்க இடம் இருந்தால் வையுங்கள். புதிய லேபின் ஒரு சுவரோரத்தில் இரண்டு பீரோவும் ஒரு மைக்ராஸ்கோப்பும் நிற்க எட்டடி இடம் போதும். இடமே இல்லை என்றால், பட்டியலோடும் கடிதத்தோடும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ, நிலவியல் இன்னும் நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ முறையாக ஒப்படையுங்கள். பட்டியலின் ஒரு நகல் எனக்கு வேண்டும்.

பதிலை எழுத்தில், செப்டம்பர் 15க்குள் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு அதன்பிறகு ஒரு மாதம்தான் இருக்கும், அந்தத் தகரக் கூரை எந்த இடத்தில் ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நிலவியல் துறையின் முன்னாள் ஆய்வக உதவியாளன்
சென்னை